திருவல்லிக்கேணியில் துயிலும் கல்விக் கடல்

புனேவாழ் தமிழர்களில் சென்னை திருவல்லிக்கேணியை அறியாதவர் அரியர். அங்குள்ள வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில், வடக்கேயிருந்து ஊர் ஊராக அலைந்து வந்த ஓர் அறிஞர் அடக்கமாகியிருக்கிறார். அவரே மௌலானா அப்துல் அலீ. பஹ்ருல் உலூம், அதாவது கல்விக் கடல், என்பது அவருடைய பட்டப்பெயர்.

அவருடைய பாட்டனார் முல்லா குத்புதீன் நிலத் தகராறு ஒன்றில் கொல்லப்பட்டார். வீடும் நூல்களும் தீக்கிரையாயின. ஆதரவற்று நின்ற அவருடைய பிள்ளைகளுக்கு லக்னோவில் ஐரோப்பிய வணிகர் வாழ்ந்த மாளிகை ஒன்றை ஔரங்கசீப் வழங்கினார். அதுவே புகழ்பெற்ற ஃபரங்கி மஹால். அக்குடும்பத்தில் 1731-ஆம் ஆண்டளவில் பிறந்தவர் அப்துல் அலீ. அவருடைய தந்தை முல்லா நிஜாமுதீன் வகுத்த தர்ஸே நிஜாமி பாடத்திட்டம், நாட்டின் பல மதரசாக்களுக்கு இன்றும் அடிப்படையாக விளங்குகிறது.

அதில் தர்க்கத்துக்கும் தத்துவத்துக்கும் பெரிய இடம் இருந்தது. இறைவன் உண்டு என்று நம்பினால் மட்டும் போதாது. காரணம் காட்டவும் மாணவன் பழக வேண்டும். இதற்கு இறையியலார் காட்டிய வழி ஒன்று. உலகம் மாறிக்கொண்டே இருக்கிறது. மாறுவது ஒரு காலத்தில் தோன்றியதாகவே இருக்கும். தோன்றியதைத் தோற்றுவித்தவன் ஒருவன் வேண்டும்.

1037-இல் மறைந்த மருத்துவ மேதை இப்னு சீனா வேறு வழி கண்டார். நாம் காணும் ஒவ்வொரு பொருளும் இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆகவே அது இருப்பதற்கு வேறொன்று காரணம். இப்படிக் காரணங்களை எத்தனை அடுக்கினாலும், எதையும் சாராமல் தானே நிற்கும் ஒன்று இல்லாவிட்டால் எதுவும் நிலைக்காது. புனேயிலிருந்து புறப்படும் ரயிலில் ஒவ்வொரு பெட்டியையும் அதற்கு முன்னுள்ள பெட்டி இழுக்கிறது. ஆனால் எத்தனை பெட்டி கோத்தாலும் எஞ்சின் இன்றி வண்டி நகருமா?

இத்தகைய வாதங்களை அலசும் நூல்களைக் கற்பிப்பதே அப்துல் அலீயின் வாழ்நாள் பணியாயிற்று. 1748-இல் தந்தை மறைந்த பின் அவரும் ஆசிரியரானார். ஆனால் ஷியா, சுன்னி பிரிவினரிடையே எழுந்த பூசலால் லக்னோவைத் துறக்க நேர்ந்தது. முதலில் ஷாஜஹான்பூர், பிறகு ராம்பூர், அதன்பின் வங்காளத்தில் புஹார் எனப் பல ஊர்களில் தங்கினார். சென்ற இடமெல்லாம் மாணவர்கள் சூழ்ந்தனர்.

1790-ஐ ஒட்டி ஆற்காடு நவாப் முகம்மது அலீ வாலாஜா அவரைச் சென்னைக்கு அழைத்து மதரசா அமைத்துத் தந்தார். அவர் வந்திறங்கியபோது நவாபே பல்லக்குக்குத் தோள் கொடுத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1795-இல் நவாப் காலமானார். 1801-இல் கர்நாடக ஆட்சி கம்பெனியின் கைக்குப் போயிற்று. அப்துல் அலீ மட்டும் சென்னையை விட்டு அகலவில்லை.

தர்க்க நூல்களுக்கு உரை கண்ட அவர், ரூமியின் மஸ்னவி என்னும் சூஃபிக் காவியத்துக்கும் உரை எழுதினார். அறிவின் வழியும் அன்பின் வழியும் அவரிடம் பகைகொள்ளவில்லை. 1810-இல் சென்னையிலேயே மறைந்தார். சொந்த ஊரில் பூசல் விரட்டிய அவருக்கு, மொழி வேறான ஊர் மாணவர்களையும் மரியாதையையும் தந்து, கடைசியில் ஆறடி நிலமும் தந்தது.