புத்தகம் பைண்டு செய்த பையன் மின்சார மேதை ஆனான்!

சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது. மின்விசிறி சுழல்கிறது. கிணற்றுத் தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றுகிறது. இவற்றுக்கெல்லாம் வித்திட்டவர் கல்லூரிப் படியை மிதிக்காத ஓர் ஏழை. கொல்லர் வீட்டுப் பிள்ளை. செப்புக் காசுகளை அடுக்கி, தன் கையாலேயே மின்சாரம் செய்து பார்த்தவர்.

அவர்தான் மைக்கேல் பாரடே.

ஒரு வாரத்துக்கு ஒரு ரொட்டி

1791-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, லண்டனை அடுத்த நியூயிங்டன் என்ற இடத்தில் பாரடே பிறந்தார். தகப்பனார் ஜேம்ஸ், கொல்லுப் பட்டறையில் வேலை பார்த்தார். அடிக்கடி நோயில் படுத்துவிடுவார். அவர் வேலைக்குப் போகாத நாளில் வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டம்.

1801-ம் ஆண்டில் விலைவாசி ஏறியது. சிறுவன் மைக்கேலுக்கு ஒரு ரொட்டி கொடுப்பார்கள். ஒரு வாரம் முழுவதும் அவன் அதை வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டும்.

படிப்பு? எழுத, படிக்க, கொஞ்சம் கணக்குப் போடத் தெரியும். அவ்வளவுதான்.

13-வது வயதில் ஒரு புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். கடைக்காரர் பெயர் ரீபோ. நல்ல மனிதர். பையனின் சுறுசுறுப்பைக் கண்டு, அடுத்த ஆண்டு பைண்டிங் தொழில் கற்றுக்கொள்ள எடுத்துக்கொண்டார். 7 ஆண்டு பயிற்சி.

பைண்டிங்குக்கு வந்த புத்தகம்

மற்றப் பையன்கள் புத்தகத்தைத் தைத்தார்கள், ஒட்டினார்கள், அடுக்கினார்கள். மைக்கேல் அதைப் படித்தான்.

ஒருநாள் ஒரு கலைக்களஞ்சியம் பைண்டிங்குக்கு வந்தது. அதில் மின்சாரத்தைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. அதைப் படித்தவனுக்கு வேறு நினைவே இல்லை. ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய ரசாயன நூலும் அவன் கைக்குக் கிடைத்தது.

படித்ததோடு அவன் நிற்கவில்லை. புத்தகத்தில் சொல்லியிருப்பது நிஜந்தானா என்று செய்து பார்க்க ஆசைப்பட்டான். கையில் மிஞ்சிய சில்லறையைச் சேர்த்து வைத்து, கண்ணாடிப் பாத்திரம் வாங்கினான். அதைச் சுழற்றித் தேய்த்து மின்பொறி உண்டாக்கும் கருவி ஒன்றைத் தானே செய்தான்.

அந்த நாளில் டேட்டம் என்பவர் தம் வீட்டில் விஞ்ஞானச் சொற்பொழிவு நடத்தி வந்தார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். மைக்கேலிடம் அந்தப் பணம் ஏது? அண்ணன் ராபர்ட் கொடுத்து உதவினார். அவரும் தகப்பனாரைப் போலக் கொல்லர்தான்.

ஏழு காசுகள்

1812-ம் ஆண்டு. பாரடேக்கு வயது 20. பயிற்சி முடியும் தறுவாய்.

12 ஆண்டுகளுக்கு முன்பு இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா கண்டுபிடித்த மின் அடுக்கைத் தானும் செய்துவிட வேண்டும் என்று பாரடே முனைந்தார். விலை உயர்ந்த சாமான் வாங்க வழி இல்லை. செப்பில் அடித்த அரைப் பென்னி நாணயங்கள் ஏழு எடுத்தார். அதே அளவில் துத்தநாகத் தகடுகள் ஏழு வெட்டினார். காகிதத் துண்டுகளை உப்பு நீரில் நனைத்தார். துத்தநாகம், அதன் மேல் செப்புக் காசு, அதன் மேல் ஈரக் காகிதம் என்று வரிசையாக அடுக்கினார்.

மின்சாரம் பிறந்தது! அடுக்கிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்து, பேதி உப்பு கரைத்த நீரில் விட்டார். மின்சாரம் அந்த உப்பைப் பிரித்துக் காட்டியது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. துத்தநாகம் மெல்ல மெல்லக் கரைகிறது. அப்போது வெளிப்படும் மின்சாரம் கம்பி வழியே செம்புக்குப் பாய்கிறது. ஒரு ஜோடி தரும் வலிமை கொஞ்சம். ஏழு ஜோடி சேர்ந்தால் ஏழு பங்கு. டார்ச் விளக்குக்குப் போடும் சாதாரண பாட்டரியின் உட்கூடும் துத்தநாகத்தால் ஆனதுதான்.

வாசலில் வந்து நின்ற வண்டி

அதே 1812-ல், கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் பாரடேக்கு நுழைவுச் சீட்டுகள் கொடுத்தார். ராயல் இன்ஸ்டிட்யூஷனில் புகழ்பெற்ற விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவு. பாரடே நான்கு சொற்பொழிவுகள் கேட்டார். ஒன்று விடாமல் குறிப்பு எடுத்தார். படம் போட்டார். எல்லாவற்றையும் அழகாக பைண்டு செய்தார்.

பயிற்சி முடிந்தது. இனி ஆயுள் முழுவதும் பைண்டிங்தானா? மனம் ஒப்பவில்லை. ராயல் சொசைட்டித் தலைவருக்கு வேலை கேட்டு எழுதினார். பதில் இல்லை. பிறகு, தான் பைண்டு செய்த குறிப்புகளை டேவிக்கு அனுப்பினார்.

டேவி அழைத்துப் பேசினார். ஆனால் வேலை காலி இல்லை. கற்ற தொழிலையே விடாமல் செய்யும்படி புத்திமதி சொல்லி அனுப்பிவிட்டார்.

சில வாரம் சென்றது. ஓர் இரவு பாரடே படுக்கப் போகும் நேரம். வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. டேவியிடமிருந்து கடிதம்! அங்கே உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு வேலை இழந்திருந்தார். அந்த இடம் பாரடேக்குக் கிடைத்தது. 1813-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி வேலையில் சேர்ந்தார்.

அந்த ஆண்டே டேவியுடன் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் போனார். டேவியின் மனைவி அவரை வேலைக்காரனைப் போல நடத்தினார். பாரடே பொறுத்துக்கொண்டார். மிலான் நகரில் அவருக்கு ஒரு பாக்கியம் கிடைத்தது. வோல்ட்டாவையே நேரில் கண்டார்!

சுழன்றது கம்பி; அசைந்தது ஊசி

1821-ம் ஆண்டு சாரா பர்னார்ட் என்ற மங்கையை மணந்தார். அதே ஆண்டு பாதரசக் கிண்ணத்தில் ஒரு காந்தத்தை நிறுத்தி, மேலே ஒரு கம்பியைத் தொங்கவிட்டு, மின்சாரம் பாய்ச்சினார். கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. மின்சார மோட்டாரின் கரு அதுதான்.

புகழோடு பொல்லாப்பும் வந்தது. இன்னொருவருடைய யோசனையைப் பாரடே எடுத்துக்கொண்டார் என்று சிலர் பேசினர். அவரை ராயல் சொசைட்டி அங்கத்தினராக்கக் கூடாது என்று டேவியே எதிர்த்தார். ஆனாலும் 1824-ல் பாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மின்சாரம் காந்த சக்தியைத் தருகிறது. அப்படியானால் காந்தம் மின்சாரத்தைத் தராதா? இந்தக் கேள்வி அவரைப் பல ஆண்டுகள் வாட்டியது.

1831-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி. 6 அங்குல அகலமுள்ள ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கமும் செப்புக் கம்பியைச் சுற்றினார். கம்பியோடு கம்பி ஒட்டக் கூடாது அல்லவா? இடையே நூலும் துணியும் வைத்துத் தாமே சுற்றினார். பைண்டிங் வேலையில் பழகிய கை! ஒரு பக்கம் மின்சாரத்தைச் சேர்த்தபோதும் நிறுத்தியபோதும் மறுபக்கத்துக் காந்த ஊசி துள்ளியது.

அக்டோபர் 17-ந் தேதி இன்னும் எளிய சோதனை. கம்பிச் சுருளுக்குள் ஒரு காந்தத்தை வேகமாகச் செருகினார். ஊசி அசைந்தது. வெளியே இழுத்தார். ஊசி எதிர்ப்புறம் அசைந்தது. காந்தம் அசைந்தால் மின்சாரம் பிறக்கும்! நீர் மின் நிலையத்திலும் அனல் மின் நிலையத்திலும் நடப்பது இதுவேதான்.

வெறும் மைக்கேல்

ராயல் இன்ஸ்டிட்யூஷனில் கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்களுக்கு விஞ்ஞானச் சொற்பொழிவு நடக்கும். 1827 முதல் 1860 வரை பாரடே 19 முறை அதை நடத்தினார். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டே ரசாயனம் முழுவதையும் விளக்குவார். அவருக்குக் குழந்தைகள் இல்லை. கேட்க வந்த குழந்தைகள் எல்லாம் அவர் குழந்தைகள்.

வெளியாருக்கு ஆராய்ச்சி செய்து கொடுத்தால் கை நிறையப் பணம் வரும். அதை விட்டார். ராயல் சொசைட்டித் தலைவர் பதவி தேடி வந்தது. மறுத்தார். பட்டத்தையும் ஏற்கவில்லை. 1858-ல் விக்டோரியா மகாராணி ஹாம்ப்டன் கோர்ட்டில் ஒரு வீடு கொடுத்தார். கடைசிக் காலத்தில் ஞாபக சக்தி குறைந்து, அந்த வீட்டிலேயே 1867-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி அமைதியாகக் கண்ணை மூடினார். ஹைகேட் இடுகாட்டில் எளிய கல்லறையில் உறங்குகிறார்.

நீங்களும் செய்யலாம்

வீட்டுப் பிள்ளைகள் பாரடேயின் வழியில் இறங்க ஓர் இரும்பு ஆணி போதும். மேலே பூச்சுப் பூசிய செப்புக் கம்பியை ஆணியில் நெருக்கமாக 50 சுற்றுச் சுற்றுங்கள். கம்பியின் இரு முனைகளிலும் பூச்சைச் சுரண்டிவிட்டு, ஒரு டார்ச் பாட்டரியில் வைத்துப் பிடியுங்கள். ஆணி குண்டூசியை இழுக்கும். கம்பி சூடாகும், ஆகையால் சில விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். சுவரில் உள்ள மின்சாரத்தை மட்டும் ஒருபோதும் தொடக் கூடாது. அது உயிருக்கு ஆபத்து.

ஆணியில் குண்டூசி ஒட்டும்போது பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பெரியவர்கள் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். பதில் தெரியாவிட்டால், பிள்ளையோடு சேர்ந்து இன்னொரு முறை செய்து பார்க்கலாம்.