கிளாடிஸ் டீக்கன்: மூக்கிலிருந்து முகவாய்க்கு இறங்கிய மெழுகு

கிளாடிஸ் டீக்கன் 1881ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தார். அழகும் அறிவும் ஒருங்கே பெற்ற அவர், இளமையிலேயே ஐரோப்பிய உயர்குடியினரிடையே பெரும்புகழ் அடைந்தார்.

கிரேக்கச் சிலைகளில் நெற்றியும் மூக்கும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கும். அவ்வமைப்பை விரும்பிய கிளாடிஸ், ஏறத்தாழ 22ஆம் வயதில் மூக்கின் மேற்பகுதியில் பாரஃபின் மெழுகை ஊசி வழியாகச் செலுத்திக்கொண்டார். அக்காலத்தில் அது புதிய சிகிச்சை முறையாகப் பரவி வந்தது.

செலுத்திய மெழுகு அங்கேயே நிலைக்கவில்லை. மெல்ல இறங்கி முகவாயில் திரண்டது. முகத்தின் வடிவம் குலைந்தது. பாரஃபினை உடலால் கரைக்க இயலாது. அதைச் சுற்றியுள்ள திசுக்கள் அழற்சியுற்றுக் கட்டிகளாக இறுகும். மெழுகு திசுக்களோடு கலந்துவிடுவதால் அதனை முழுமையாக அகற்றுவதும் கடினம். இக்காரணங்களால் மருத்துவ உலகம் இம்முறையைப் பின்னர் கைவிட்டது.

1921இல் கிளாடிஸ், இங்கிலாந்தின் 9ஆம் மார்ல்பரோ கோமகனை மணந்து பிளென்ஹைம் அரண்மனையில் குடியேறினார். 1928இல் அவருடைய நீலநிறக் கண்கள் அரண்மனை முகப்பின் விதானத்தில் ஓவியமாகத் தீட்டப்பட்டன. பின்னர் மணவாழ்வு முறிந்தது. முதுமையில் தனித்து வாழ்ந்தார். 1962இல் நார்தாம்ப்டனில் உள்ள மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், 1977இல் 96ஆம் வயதில் அங்கேயே காலமானார். அவருடைய துயரங்கள் அனைத்திற்கும் அந்த ஊசியே காரணம் எனக் கூறுவது பொருந்தாது. எனினும், திரும்பப் பெற இயலாத ஒரு பொருளை முகத்தில் செலுத்துவதன் விளைவை அவர் வாழ்வு தெளிவாக உணர்த்துகிறது.

இன்றுள்ள முறைகள்

முகவாயை எடுப்பாக்க விரும்பும் பெண்கள் பின்வருவனவற்றை ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டும்.

• ஹையலூரானிக் அமில ஃபில்லர் ஊசி: தற்காலிகமானது, தேவையெனில் ஹையலூரானிடேஸ் மருந்தால் கரைக்கலாம். அரிதாக இரத்தக் குழாய் அடைபடக்கூடும். கருவுற்றோரும் பாலூட்டுவோரும் தவிர்ப்பது நல்லது.
• சிலிக்கோன் உள்வைப்பு: நீடித்திருக்கும், அறுவை சிகிச்சை மூலம் அகற்றலாம். நோய்த்தொற்று, இடப்பெயர்வு, கீழுதட்டு மரத்துப்போதல் ஆகியவை நேரக்கூடும்.
• முகவாய் எலும்பை வெட்டி முன்னகர்த்துதல்: அயற்பொருளால் பருமன் கூட்டாமல், சொந்த எலும்பையே நகர்த்திச் சிறு தகட்டால் பொருத்துவர். பெரிய அளவிலான குறைபாட்டிற்கு ஏற்றது; கீழுதட்டு மரத்துப்போதல் இதிலும் நேரக்கூடும்.

முகவாய் சிறிதாகத் தோன்றுவதற்குத் தாடை, பல்வரிசை ஆகியவற்றின் அமைப்பும் காரணமாகலாம். ஆகவே முதலில் அதனைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• செலுத்தப்படும் பொருளின் பெயர் என்ன?
• அது எவ்வளவு காலம் உடலில் இருக்கும்?
• விரும்பாவிடில் அகற்ற முடியுமா?
• சிகிச்சை அளிப்பவரின் தகுதி என்ன?

எச்சரிக்கை

திரவ சிலிக்கோன், பாரஃபின், பெயர் அறியாத திரவங்கள் ஆகியவற்றை எவரிடமும் முகத்தில் செலுத்திக்கொள்ளக் கூடாது. ஃபில்லர் ஊசிக்குப் பின் கடும் வலி, தோல் வெளிறுதல், பார்வை மங்குதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.