ராஜாஜி: உப்புக்காகச் சிறை போனவர், போதைக்கு எதிராகச் சட்டம் போட்டவர்

வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் கஞ்சா மூட்டைகள் பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வரும். பெரும்பாலும் இலங்கைக்குப் படகேற இருந்த சரக்கு. எடை 20 கிலோவைத் தாண்டினால், 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி குறைந்தபட்சமே 10 ஆண்டு. சப்ளை செய்தவர் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் நீதிபதி அதற்குக் கீழே இறங்க முடியாது.

இதே கடற்கரையில் 1930-ல் சட்டவிரோதச் சரக்கோடு பிடிபட்டார் ஒரு முன்னாள் கிரிமினல் வக்கீல். சரக்கு, ஒரு பிடி உப்பு. வக்கீல், சி.ராஜகோபாலாச்சாரி.

1878-ல் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சேலத்தில் நன்றாகச் சம்பாதித்த வக்கீல். காந்திக்காகத் தொழிலை விட்டார். 1921 டிசம்பரில் 3 மாதம் வேலூர் சிறை. பிறகு திருச்செங்கோட்டில் ஆசிரமம், ஊர் ஊராக மதுவிலக்குப் பிரசாரம்.

1930 ஏப்ரல் 13-ல் சுமார் 100 தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கினார். தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம். சுமார் 240 கிலோமீட்டர். தஞ்சை கலெக்டர் தார்ன் நடப்பவர்களைத் தொடவில்லை. அவர்களுக்குச் சோறு போடுபவர்களைக் குறிவைத்தார். உணவோ இடமோ கொடுத்தால் 6 மாதம் சிறை என்று உத்தரவு. நெல் விளையும் சீமையில் சோறு போடுவது குற்றமானது அப்போதுதான்! ஆனாலும் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். யார் கொடுத்தது என்று போலீஸ் மரத்தையா கேட்க முடியும்? கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வெளிப்படையாகவே வீட்டில் தங்கவைத்தார். அவருக்குச் சிறை.

ஏப்ரல் 30-ல் உப்பு அள்ளிய ராஜாஜிக்கு 6 மாதம் தண்டனை, திருச்சி சிறை. சத்தியாகிரகிகள் கோர்ட்டில் தப்பிக்கப் பார்ப்பதில்லை. 1922-ல் அகமதாபாத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 6 ஆண்டு வாங்கிய காந்திதான் அதற்கு வழிகாட்டி. எத்தனையோ பேருக்காக வாதாடியவர், தன் வழக்கில் அந்த வித்தையை ஓரம் வைத்தார்.

ஏழே வருடத்தில் காட்சி மாறியது. 1937-ல் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. அந்தச் சட்டம் கள், சாராயத்தோடு நிற்கவில்லை. போதை தரும் மருந்துகளையும் சேர்த்தே தடுத்தது. காய்ச்சியவர், விற்றவர், வாங்கியவர், குடித்தவர் என எல்லோரும் குற்றவாளிகள். கள் இறக்கியவர்கள் பிழைப்பை இழந்தார்கள். விற்பவரையும் குடிப்பவரையும் ஒரே தட்டில் வைத்தது அந்தச் சட்டத்தின் பெரிய பலவீனம். சிறையை உள்ளிருந்து பார்த்தவர், குடிகாரனுக்கும் சிறைதான் மருந்து என்று எப்படி நினைத்தார் என்பது இன்றும் உறுத்துகிற கேள்வி. அவர் கணக்கில் உப்பு ஏழையின் தேவை, சாராயம் ஏழையின் கூலியைத் தின்பது. இரண்டையும் அவர் ஒன்றாகப் பார்க்கவில்லை.

சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். இன்றைக்கு பில்லில் பார்க்கும் ஜிஎஸ்டிக்கு அது ஒரு வகையில் தாத்தா.

1971-ல் முதல்வர் கருணாநிதி மதுவிலக்கைத் தளர்த்த முடிவெடுத்தபோது, 92 வயது ராஜாஜி கொட்டும் மழையில் அவர் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டார். பலிக்கவில்லை. ஆகஸ்டு 30-ல் மதுவிலக்கு தளர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 25-ல் ராஜாஜி காலமானார்.

1937 சட்டம் மட்டும் போகவில்லை. கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு, 2024 ஜூனில் சட்டமன்றம் திருத்தியது அதைத்தான். உயிர் போனால், சாராயம் விற்றவருக்கு இப்போது ஆயுள் தண்டனை வரை உண்டு.