அளந்து பார்க்கப்படாத கை

1931 நவம்பர் 6. பிரிஸ்பேன் நகரில் குவீன்ஸ்லாந்து அணிக்கும் நியூ சவுத் வேல்ஸ் அணிக்கும் இடையே ஆட்டம். அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்து மண்ணில் ஐந்து டெஸ்ட் ஆட்டங்களில் 974 ரன்கள் குவித்துத் திரும்பியிருந்த டான் பிராட்மன், அன்று ஒரு ரன்கூட எடுக்காமல் வெளியேறினார். அவர் எதிர்கொண்டவை சில பந்துகளே. ஒன்று அவரை நிலைகுலைத்து விழச் செய்தது. இன்னொன்று மட்டையைக் கையிலிருந்து தட்டிவிட்டது. இறுதியில் விக்கெட் கீப்பரிடம் பிடி கொடுத்து அவர் ஆட்டமிழந்தார். தாம் எதிர்கொண்டவற்றிலேயே மிக வேகமானவை அந்தப் பந்துகள்தான் என்று பிராட்மன் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்.

அவற்றை வீசியவர் எடி கில்பர்ட். பூர்வகுடிகளுக்கென அரசு நடத்திய குடியிருப்பிலிருந்து, அதிகாரியின் அனுமதி பெற்று விளையாட வந்தவர் அவர். அந்த நவம்பர் நாளுக்குப் பிறகு ஆறு வாரங்கள்தான் கடந்திருந்தன. மெல்போர்ன் மைதானத்தில் விக்டோரியா அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று கூறி, நடுவர் ஆண்ட்ரூ பார்லோ பத்து முறைக்கும் மேல் நோ-பால் அறிவித்தார். கில்பர்ட்டின் பெயரோடு அன்று ஒட்டிக்கொண்ட ஐயம் இன்றுவரை விலகவில்லை. அது சரியா, தவறா என்பதை எவரும் உறுதியாக நிறுவவும் இல்லை. அவருடைய வாழ்க்கையை வாசிக்கும்போதெல்லாம் என்னை உறுத்துவது இதுதான்.

கிரிக்கெட்டில் பந்து வீசுவதற்கும் எறிவதற்கும் உள்ள வேறுபாடு முழங்கையில் இருக்கிறது. மடங்கிய முழங்கை, பந்து விடுபடும் நொடியில் நிமிர்ந்தால் அது எறிதல். சொல்வதற்கு எளிது, கண்ணால் காண்பதற்கு அரிது. நொடியில் சிறு பங்குக்குள் நடந்துமுடியும் ஓர் அசைவை, பல அடி தொலைவில் நிற்கும் நடுவர் வெறுங்கண்ணால் கண்டு தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கையைப் பற்றிய இந்தச் சட்டமும் என்றும் ஒரே நிலையில் இருந்ததில்லை. தொடக்கத்தில் பந்தைக் கைதாழ்த்தி உருட்டிவிடுவதே முறையாக இருந்தது. 1822-ல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில், கையைத் தோள்மட்டத்துக்கு உயர்த்திப் பந்துவீசிய ஜான் வில்ஸுக்கு நோ-பால் அறிவிக்கப்பட்டது. அவர் பந்தைப் போட்டுவிட்டுக் குதிரையேறிப் போய்விட்டார் என்பது கிரிக்கெட் வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. 1835-ல் அந்த முறையே சட்டமாகிவிட்டது. 1862-ல் ஓவல் மைதானத்தில், கையைத் தோளுக்கு மேல் உயர்த்தினார் என்பதற்காக எட்கர் வில்ஷர் தண்டிக்கப்பட்டார். இரண்டே ஆண்டுகளில் அதுவும் சட்டமாகிவிட்டது. அவர்கள் செய்த குற்றத்தைத்தான் இன்று உலகெங்கும் பள்ளி மைதானங்களில் சிறுவர்களுக்குப் பயிற்சியாகக் கற்றுத்தருகிறார்கள்.

கையின் உயரம் பற்றிய வழக்கு இவ்வாறு முடிந்தது. முழங்கை பற்றிய வழக்கு முடியவில்லை. 1898 ஜனவரியில் மெல்போர்ன் டெஸ்டில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் எர்னி ஜோன்ஸுக்கு எதிராக நடுவர் ஜிம் பிலிப்ஸ் நோ-பால் அறிவித்தார். எறிந்ததற்காக டெஸ்ட் ஆட்டத்தில் தண்டிக்கப்பட்ட முதல் வீரர் ஜோன்ஸ்தான். அதே பிலிப்ஸ் 1901-ல் மான்செஸ்டரில், லங்காஷயர் அணியின் ஆர்தர் மோல்டுக்கு எதிராகப் பத்து ஓவர்களில் பதினாறு முறை நோ-பால் அறிவித்தார். ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திய மோல்டின் ஆட்ட வாழ்வு அந்த ஆண்டோடு முடிந்தது. ஜோன்ஸும் மோல்டும் வெள்ளையர்கள். ஆகவே, எறிதல் குற்றச்சாட்டு நிறம் பார்த்து மட்டுமே எழுந்தது என்று சொல்வது வரலாற்றுக்கு நியாயம் ஆகாது. பார்லோ தம் கண்ணில் பட்டதை நேர்மையாகவே அறிவித்திருக்கலாம்.

ஆனால், குற்றச்சாட்டு எல்லார் மீதும் ஒரே எடையுடன் இறங்குவதில்லை. கில்பர்ட்டுக்கு முப்பது ஆண்டுகள் முன்பு ஜாக் மார்ஷ் என்ற பூர்வகுடி வீரர் நியூ சவுத் வேல்ஸ் அணிக்காகப் பந்துவீசினார். ஆறே முதல்தர ஆட்டங்களில் 34 விக்கெட்டுகள் எடுத்தவர் அவர். எறிகிறார் என்று சொல்லப்பட்டபோது, முழங்கை மடங்காதபடி கையைச் சிம்பு வைத்துக் கட்டிக்கொண்டு, வேகம் குறையாமல் பந்துவீசிக் காட்டினார். அது போதுமான சான்றாக ஏற்கப்படவில்லை. 1901-ல் நடுவர் பாப் க்ராக்கெட் அவருக்குப் பலமுறை நோ-பால் அறிவித்தார். ஆஸ்திரேலிய அணியின் கதவு மார்ஷுக்குத் திறக்கவே இல்லை. 1916-ல் ஆரஞ்ச் என்னும் ஊரில் அவர் தாக்கப்பட்டு இறந்தார். குற்றம் சாட்டப்பட்ட இருவரும் விடுவிக்கப்பட்டனர்.

கில்பர்ட்டின் வாழ்க்கையை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். 1905-ஆம் ஆண்டளவில் குவீன்ஸ்லாந்தில் பிறந்த அவர், சிறு வயதிலேயே பாரம்பா குடியிருப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பின்னர் செர்பர்க் என்று பெயர் மாற்றப்பட்ட ஊர் அது. 1897-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குவீன்ஸ்லாந்துப் பூர்வகுடிகளின் வாழ்வை முழுவதுமாக அரசின் பிடியில் வைத்திருந்தது. எங்கே வசிப்பது, எங்கே வேலை செய்வது, யாரை மணப்பது என எல்லாவற்றுக்கும் பாதுகாவலர் என்று பெயரிடப்பட்ட அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். உழைத்துப் பெற்ற கூலியும் அவர்கள் கைக்கு நேராக வருவதில்லை. மாநிலத்தின் மிக வேகமான பந்துவீச்சாளரும் இதற்கு விலக்கல்ல. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் குடியிருப்பைவிட்டு வெளியேற அவருக்கு அனுமதி வேண்டியிருந்தது.

அவர் உயரமானவர் அல்லர். ஐந்தரை அடிக்குச் சற்றே கூடுதல். கைகள் நீளமானவை. ஓடிவரும் தூரமும் சில தப்படிகள்தான். அவ்வளவு குறுகிய ஓட்டத்தில் அவ்வளவு வேகம் எங்கிருந்து வருகிறது என்று வியந்தவர்களில் சிலர் மணிக்கட்டின் சுழற்சியைக் காரணமாகச் சொன்னார்கள். சிலர் முழங்கையைச் சந்தேகித்தார்கள். 1930-ல் குவீன்ஸ்லாந்து அணிக்கு வந்தவர், மெல்போர்ன் ஆட்டம்வரை ஓராண்டுக்கும் மேலாக வெவ்வேறு நடுவர்கள் முன்னிலையில் பந்துவீசியிருந்தார். மெல்போர்னுக்குப் பிறகும் 1936 வரை ஆடினார். 23 முதல்தர ஆட்டங்களில் 87 விக்கெட்டுகள் அவர் கணக்கில் உள்ளன. அவர் எறிந்தது உண்மையானால், அத்தனை ஆட்டங்களில் அவரை அனுமதித்தது பிழை. அவர் எறியவில்லையானால், அந்த ஒரு நாள் தீர்ப்பை அவர் மேல் நிரந்தரமாக நிறுத்திவைத்தது பிழை. இரண்டில் எது என்று கண்டறியும் அக்கறை எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

1932-33 பருவத்தில் இங்கிலாந்தின் ஹெரால்டு லார்வுட் ஆஸ்திரேலிய மட்டையாளர்களின் உடலைக் குறிவைத்துப் பந்துவீசி நாட்டையே கொந்தளிக்க வைத்தபோதும், கில்பர்ட் ஆஸ்திரேலிய அணிக்குத் தேர்வு செய்யப்படவில்லை. 1936-ல் குவீன்ஸ்லாந்து கிரிக்கெட் சங்கம் அவரைக் குடியிருப்புக்கே திருப்பி அனுப்ப முடிவெடுத்தது. அப்போது சங்கம் பாதுகாவலர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் வரலாற்றில் நிலைத்துவிட்டது. கில்பர்ட்டுக்காக வாங்கிய கிரிக்கெட் உடைகளைச் சலவை செய்து தங்கள் அலுவலகத்தில் ஒப்படைக்க ஏற்பாடு செய்யும்படி அதில் கேட்டிருந்தார்கள். ஆறு ஆண்டுகள் தம் அணிக்காகப் பந்துவீசிய ஒருவரை வழியனுப்பியபோது சங்கத்தின் நினைவுக்கு வந்தவற்றுள் அந்த உடைகளும் இருந்தன.

1949-ல் மனநோய்க்காகப் பிரிஸ்பேனை அடுத்த குட்னா மருத்துவமனையில் அவர் சேர்க்கப்பட்டார். எஞ்சிய வாழ்நாள் அங்கேயே கழிந்தது. வெளியுலகில் பலர் அவர் இறந்துவிட்டதாகவே எண்ணியிருந்தனர். 1972-ல் கிரிக்கெட் எழுத்தாளர் டேவிட் ஃப்ரித் தேடிச் சென்று பார்த்தபோது, கில்பர்ட் உரையாடும் நிலையில் இல்லை. பூர்வகுடிகளை நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற அரசியலமைப்புப் பிரிவு 1967-ல் நீக்கப்பட்டபோதும் அவர் அந்த மருத்துவமனையில்தான் இருந்தார். 1978 ஜனவரியில் இறந்தார்.

இந்த வரலாற்றைத் தமிழ் வாசகர் முன் வைப்பதற்குக் காரணம் உண்டு. 1995 டிசம்பர் 26 அன்று, கில்பர்ட் நோ-பால் கேட்ட அதே மெல்போர்ன் மைதானத்தில், கண்டி தந்த தமிழரான முத்தையா முரளிதரனுக்கு எதிராக நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை நோ-பால் அறிவித்தார். என் தலைமுறை கிரிக்கெட் ரசிகர்கள் மறக்க முடியாத நாள் அது. முரளிதரனின் கை பிறவியிலேயே முழுமையாக நிமிராதது. மருத்துவர்களும் உடலியக்க ஆய்வாளர்களும் அந்தக் கையைப் பலமுறை சோதித்தார்கள். 2004-ல் கையை மடக்கவிடாத வலுவான கவசத்தை அணிந்துகொண்டு ஒளிப்படக் கருவிகள் முன் அவர் பந்துவீசிக் காட்டினார். ஜாக் மார்ஷ் சிம்பு கட்டிக்கொண்டு பந்துவீசி அப்போது நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

இந்த முறை சோதனைக்குப் பயன் இருந்தது. நேரான கை என்று நம்பப்பட்ட பந்துவீச்சாளர்கள் பலரின் முழங்கையும் சில பாகை நிமிர்கிறது என்பதை ஆய்வுகள் காட்டின. 2005 முதல் பதினைந்து பாகை வரையிலான நிமிர்வைச் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அனைவருக்கும் பொதுவாக அனுமதித்தது. முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு ஓய்வு பெற்றார். இன்றும் அவர் பந்துவீச்சை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் மறுக்க வேண்டியது அளவீடுகளை. வெறும் கண்பார்வையை அல்ல.

கில்பர்ட்டுக்கும் முரளிதரனுக்கும் இடையில் கருவிகள் மட்டும் வளரவில்லை. முரளிதரனுக்காக வாதாட அர்ஜுன ரணதுங்க என்ற அணித்தலைவர் இருந்தார். அவர் கையைச் சோதிக்கச் செலவிட ஒரு நாட்டின் கிரிக்கெட் வாரியம் இருந்தது. கில்பர்ட்டுக்கோ, தம் வழக்கைச் சொல்வதற்குக்கூட அதிகாரியின் அனுமதியோடு ஊரைவிட்டு வெளியே வர வேண்டியிருந்தது. ஐயம் தோன்றினால் அறிவிப்பது நடுவரின் கடமை, அதில் குறையில்லை. அந்த ஐயத்தைத் தீர்த்துவைப்பது ஆட்டத்தை நடத்துவோரின் கடமை. முதல் கடமை 1931-ல் நிறைவேறியது. இரண்டாவது கடமை நிறைவேறவில்லை.

2008-ல் பிரிஸ்பேனின் ஆலன் பார்டர் மைதானத்தில் கில்பர்ட்டுக்குச் சிலை எழுப்பினார்கள். வரவேற்கத்தக்க செயல். எனினும் அது அவருக்குக் கிடைத்த தீர்ப்பு ஆகாது. அவர் முழங்கை எத்தனை பாகை நிமிர்ந்தது என்பதை இனி எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. விளையாட்டு அரங்கிலோ, அலுவலகத்திலோ, நீதிமன்றத்திலோ ஒருவர் மீது குற்றம் சொல்லப்படும்போது, தம்மைச் சோதித்துப் பார்க்கும்படி கேட்கும் வாய்ப்பை அவர் உயிரோடும் தெளிவோடும் இருக்கும் காலத்திலேயே தர வேண்டும்.