பிலிப் ஹென்றி கோஸ்

பிலிப் ஹென்றி கோஸ் (ஏப்ரல் 6, 1810 - ஆகஸ்ட் 23, 1888) இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்கையியலாளரும் ஓவியரும் அறிவியல் நூலாசிரியரும் ஆவார். கடல்வாழ் உயிரினங்களைக் கடல்நீர் நிரம்பிய கண்ணாடித் தொட்டியில் பேணி வளர்க்கும் முறையைப் பொதுமக்களிடையே பரப்பியவர்களுள் இவர் முதன்மையானவர். அக்குவாரியம் என்னும் சொல் இன்றைய பொருளில் நிலைபெற்றதற்கு 1854இல் வெளியான இவரது நூல் முக்கிய காரணமாகும். கடற்பாசி படர்ந்த பாறைத் துண்டுகளைக் கரையிலிருந்து பெயர்த்துத் தொட்டிக்குள் அமைக்கும் முறையை இவர் விரிவாக விளக்கினார். அம்முறை பரவியதன் விளைவாகத் தாம் நேசித்த கடற்கரைகள் வெறுமையாவதையும் இவர் தம் வாழ்நாளிலேயே காண நேர்ந்தது.

இளமைக்காலம்

கோஸ் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை தாமஸ் கோஸ் ஊர் ஊராகச் சென்று சிற்றுருவ ஓவியங்கள் வரைந்து பிழைத்தவர். குடும்பம் பூல் என்னும் துறைமுக நகரில் குடியேறியதால் கோஸ் அங்கேயே வளர்ந்தார். 1827இல், தமது 17ஆம் வயதில், நியூஃபவுண்ட்லாந்துத் தீவிலுள்ள கார்பனியர் என்னும் ஊருக்கு ஒரு வணிக நிறுவனத்தின் எழுத்தராகச் சென்றார். அங்கு ஓய்வு நேரங்களில் பூச்சிகளைச் சேகரித்து வரைந்தார். 1832இல் வாங்கிய நுண்ணோக்கி பற்றிய ஒரு பழைய நூல் இவரது ஆர்வத்தை மேலும் வளர்த்தது. உயிரியலை இவர் எந்தக் கல்லூரியிலும் பயிலவில்லை.

1835இல் கனடாவின் காம்ப்டன் பகுதிக்குச் சென்று வேளாண்மை செய்தார். அது வெற்றி தரவில்லை. 1838இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் சில மாதங்கள் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1839இல் வறிய நிலையில் இங்கிலாந்து திரும்பினார். அடுத்த ஆண்டு இவரது முதல் நூலான தி கனேடியன் நேச்சுரலிஸ்ட் வெளியானது.

1844இல் ஜமேக்காவுக்குச் சென்று ஏறத்தாழ 18 மாதங்கள் பறவைகளையும் பிற உயிரினங்களையும் ஆராய்ந்தார். ஜமேக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹில் இப்பணியில் இவருக்கு உதவினார். 1848இல் எமிலி போஸ் என்னும் எழுத்தாளரை மணந்தார். இவர்களது ஒரே மகன் எட்மண்ட் கோஸ் 1849இல் பிறந்தார்.

கடல்நீர்த் தொட்டி

1852இல் உடல்நலம் குன்றியதால் கோஸ் இலண்டனை விட்டு டெவன் கடற்கரைக்குச் சென்றார். கடல் உள்வாங்கும் வேளையில் பாறைகளுக்கிடையே தேங்கும் குட்டைகளில் கடற்சாமந்திகள், சிறு பவளங்கள், நண்டுகள், கடற்பாசிகள் ஆகியவற்றை இவர் கண்டு ஆராய்ந்தார்.

இத்துறையில் இவருக்கு முன்னோடிகள் இருந்தனர். அன்னா தின் என்னும் பெண்மணி 1846இல் டார்க்கீ கடற்கரையிலிருந்து பவளங்களை இலண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். நீரில் காற்றுக் கலப்பதற்காக அவரது வீட்டில் கடல்நீர் கையால் மாற்றி மாற்றி ஊற்றப்பட்டது. இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலாளர், மீன்களும் நீர்த்தாவரங்களும் நத்தைகளும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று சார்ந்து வாழ முடியும் என்பதை 1850இல் விளக்கினார். தாவரங்கள் வெளியிடும் ஆக்சிசனை விலங்குகள் பெறுகின்றன. விலங்குகள் வெளியிடும் கரியமில வாயுவைத் தாவரங்கள் பெறுகின்றன. அழுகும் இலைகளை நத்தைகள் உண்கின்றன. இச்சமநிலையைக் கடல்நீரிலும் உருவாக்க முடியும் என்பதை வாரிங்டனும் கோசும் தனித்தனியே செய்துகாட்டினர்.

1853 மே மாதம் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் மீன் மாளிகை திறக்கப்பட்டது. உலகின் முதல் பொது நீர்வாழ் உயிரினக் காட்சியகம் இதுவேயாகும். இதற்குத் தேவையான கடல் உயிரினங்கள் பலவற்றைக் கோஸ் சேகரித்து அனுப்பினார்.

தொட்டியில் பாறை அமைத்தல்

கடல்நீர்த் தொட்டியில் வைக்கப்படும் பாறை வெறும் அலங்காரம் அன்று. கடற்பாசிகளுக்கு நிலத்தாவரங்களைப் போன்று உணவை உறிஞ்சும் வேர்கள் இல்லை. அவற்றின் அடிப்பகுதி பாறையைப் பற்றிக்கொள்ள மட்டுமே உதவுகிறது. கையால் பிய்த்தெடுத்த பாசியைத் தொட்டியில் இட்டால் அது விரைவில் அழுகி நீரைக் கெடுக்கும். எனவே சுத்தியலும் எஃகு உளியும் கொண்டு, பாசி பற்றியிருக்கும் கல்லையே சேர்த்துப் பெயர்த்தெடுக்க வேண்டும் என்று கோஸ் அறிவுறுத்தினார். பச்சை நிறப் பாசிகள் தொட்டிக்கு ஏற்றவை என்றும், கரையில் மிகுதியாகக் கிடைக்கும் பழுப்புநிறப் பெரும்பாசிகள் வழவழப்பான கசிவை வெளியிடுவதால் தகுதியற்றவை என்றும் கண்டார்.

பாறைகளை அடுக்கும் முறையும் உயிரினங்களின் இயல்பைச் சார்ந்ததாகும். பல கடல் உயிரினங்கள் இடுக்குகளிலும் நிழலிலும் வாழ்பவை. ஆகவே கற்களுக்கிடையே வளைவுகளும் குகை போன்ற இடைவெளிகளும் தேவைப்படுகின்றன. கடற்சாமந்திகள் தமக்கு ஏற்ற இடத்தைத் தேடி மெல்ல நகர்ந்து சென்று கல்லைப் பற்றிக்கொள்ளும். நெருக்கமாக அடுக்கினால் உள்ளே இறந்துபோகும் உயிரிகளை எடுக்க இயலாது. ஓர் உயிரியின் அழுகலே சிறு தொட்டி முழுவதையும் அழிக்கப் போதுமானது. கற்களைச் சிமெண்ட் கொண்டு இணைத்தால் அதிலிருந்து சுண்ணம் கசிந்து நீரைக் கெடுக்கும். எனவே நீரைப் பலமுறை மாற்றி அதை ஊறவைத்த பின்னரே உயிரினங்களை விட வேண்டும்.

செயற்கைக் கடல்நீர்

கடலிலிருந்து தொலைவில் வாழ்பவர்களுக்குக் கடல்நீர் கிடைப்பது அரிதாக இருந்தது. ஆங்கிலக் கால்வாய் நீரின் வேதியியல் பகுப்பாய்வை அடிப்படையாகக் கொண்டு, கோஸ் 1854இல் செயற்கைக் கடல்நீர் தயாரிக்கும் முறையை வெளியிட்டார். சாதாரண உப்பு, மக்னீசியம் சல்பேட்டு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கு உப்புகளை இதற்குப் பயன்படுத்தினார். நீர் தயாரானதும் முதலில் பாசி படர்ந்த கற்களை மட்டும் இட்டுச் சில நாட்கள் வைத்திருந்து, பின்னரே விலங்குகளை விட்டார்.

பாறைக் குட்டைகளின் அழிவு

கோஸ் தாமே வரைந்த வண்ணப் படங்களுடன் 1854இல் வெளியான தி அக்குவேரியம் என்னும் நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்டதால் தொட்டிகளின் விலை குறைந்திருந்தது. தொடர்வண்டிப் பாதைகள் நகர மக்களைக் கடற்கரைக்குக் கொண்டு சேர்த்தன. இதனால் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பது நடுத்தர வகுப்பினரிடையே நாகரிகமாயிற்று. கோசும் கடற்கரைக்கு மாணவர் குழுக்களை அழைத்துச் சென்று உயிரினங்களைக் காட்டிக் கற்பித்தார்.

அவரது நூல் கற்பித்தபடியே பலர் உளியும் வாளியுமாகப் பாறைகளுக்குச் சென்றனர். அனுபவமற்றவர்களின் தொட்டிகளில் உயிரினங்கள் இறந்தன. அவற்றை ஈடுசெய்ய மேலும் சேகரிக்கப்பட்டன. 1860களில் இந்த மோகம் தணிந்தது. அதற்குள் பல குட்டைகள் தம் வளத்தை இழந்திருந்தன. சிறுவயதில் தந்தையுடன் அக்குட்டைகளைக் கண்ட எட்மண்ட் கோஸ், 1907இல் வெளியான தந்தையும் மகனும் என்ற பொருள்படும் தம் நூலில் இவ்வழிவைப் பதிவு செய்துள்ளார். இதனால் தம் தந்தை பெரிதும் மனம் வருந்தியதாகவும் அவர் குறிப்பிட்டுள்ளார்.

பிற்காலம்

1856இல் கோஸ் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1857 பிப்ரவரியில் எமிலி மார்பகப் புற்றுநோயால் இறந்தார். ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கை கொண்ட கோஸ், அதே ஆண்டில் ஓம்ஃபலோஸ் என்னும் நூலை வெளியிட்டார். உலகம் படைக்கப்பட்டபோதே பழமையின் அடையாளங்களுடன் படைக்கப்பட்டது என்பது அதன் கருத்து. அறிவியலாளர்களும் சமயவாதிகளும் அதனை ஏற்கவில்லை.

பின்னர் டெவனில் நிலையாகக் குடியேறி, பிரித்தானியக் கடற்சாமந்திகளையும் பவளங்களையும் பற்றிய விரிவான நூலை 1860இல் நிறைவு செய்தார். அவ்வாண்டே எலைசா பிரைட்வென் என்பவரை மணந்தார். 1888இல் டார்க்கீயில் காலமானார்.

இன்றைய நோக்கில்

நீரைத் தாவரங்களே தூய்மையாக்குகின்றன என்று கோஸ் கருதினார். தொட்டியின் பாறைகளில் வாழும் பாக்டீரியாக்கள் நச்சுத்தன்மையுள்ள அம்மோனியாவை நைத்திரைட்டாகவும் பின்னர் நைத்திரேட்டாகவும் மாற்றுகின்றன என்பது அவர் காலத்தில் அறியப்படவில்லை. இத்தகைய பாக்டீரியாக்கள் 1890ஆம் ஆண்டளவில்தான் பிரித்தெடுக்கப்பட்டன. பாசி படர்ந்த கல்லை முதலில் இட்டுக் காத்திருந்த அவரது முறை நற்பயன் அளித்ததற்கு இவையும் ஒரு காரணமாகும்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பவளத் தொட்டி வளர்ப்போர் உயிர்ப்பாறை என்ற பெயரில் இதே உத்தியைக் கையாண்டனர். அதற்காகப் பவளத்திட்டுகளிலிருந்து பாறைகள் எடுக்கப்பட்டபோது பழைய சிக்கல் மீண்டும் எழுந்தது. பல இடங்களில் கட்டுப்பாடுகள் வந்தன. செயற்கையாக வார்த்த கற்களில் பாக்டீரியாக்கள் பெருகும்வரை காத்திருக்கும் முறையும் வழக்கிற்கு வந்தது.

முக்கிய நூல்கள்

தி கனேடியன் நேச்சுரலிஸ்ட் (1840)
தி பேர்ட்ஸ் ஆஃப் ஜமேக்கா (1847)
தி அக்குவேரியம் (1854)
எ ஹேண்ட்புக் டு தி மரைன் அக்குவேரியம் (1855)
ஓம்ஃபலோஸ் (1857)
ஆக்டினாலஜியா பிரிட்டானிக்கா (1860)