பாட்டுக்குள் ஒளிந்த பழந்தமிழ்



தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே ஒலிக்கும் எல்லைப்புற ஊர் நம் வேப்பனப்பள்ளி. இங்குத் தேநீர்க் கடைகளிலும் பேருந்துகளிலும் நாம் கேட்டு வளர்ந்தவை கவியரசு கண்ணதாசனின் பாடல்கள். அவை வெறும் சினிமாப் பாட்டுகள்தாமே என்று எண்ணுவோரும் உண்டு. அந்த எண்ணம் சரிதானா என்பதை அவருடைய வாழ்க்கையே கூறும்.

1927 ஜூன் 24 அன்று, செட்டிநாட்டின் சிறுகூடல்பட்டியில் சாத்தப்பன், விசாலாட்சி தம்பதியருக்கு அவர் பிறந்தார். இயற்பெயர் முத்தையா. இளமையிலேயே வேறொரு குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார். அமராவதிபுதூர் குருகுலத்தில் பயின்ற அவரது பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஆனால் புத்தகம் படிப்பது நிற்கவில்லை. பத்திரிகைகளில் பணியாற்றிக்கொண்டே பழந்தமிழ் நூல்களைத் தாமே கற்றார். 1949இல் ‘கன்னியின் காதலி’ படத்துக்குப் பாட்டெழுதித் திரையுலகில் நுழைந்தார்.

கற்றதை அவர் பூட்டி வைக்கவில்லை. மிதிலை வீதியில் இராமனைக் கண்ட மகளிரின் கண்கள், பார்த்த இடத்தை விட்டு நகரவில்லை என்றார் கம்பர். அந்த அழகை ‘இதயகமலம்’ (1965) படப் பாடலில் காணலாம். காதலன் நோக்கும்போது நிலத்தை நோக்கும் வள்ளுவரின் தலைவியும், முன்பின் அறியாத இருவர் உள்ளம் கலந்ததை வியக்கும் குறுந்தொகைக் காட்சியும் ‘வாழ்க்கைப் படகு’ (1965) படத்தில் ஒரே பாட்டுக்குள் குடியேறின.

இது இரவல்தானே என்று சிலர் கேட்கலாம். ‘பாத காணிக்கை’ (1962) படப் பாடல் அதற்கு விடை தருகிறது. செல்வம் வீட்டோடு நிற்கும், மனைவி தெருவோடு, மக்கள் சுடுகாட்டோடு நிற்பர், நாம் செய்த நன்மை தீமைகளே நம்மைத் தொடரும் என்று பாடினார் பட்டினத்தார். கவிஞர் அதே வழியில் நடந்து சென்று, இறுதியில் விடை கூறாமல், கூட வருவது யார் என்று கேள்வியாக நிறுத்திவிட்டார். துறவி சொன்னது உபதேசம். கவிஞர் கேட்டதோ, கேட்பவர் ஒவ்வொருவரும் தம் மனசாட்சியிடம் விடை தேட வேண்டிய வினா. ஏடறியாத ஏழைத் தொழிலாளியின் வாயிலும் பட்டினத்தார் நுழைந்தது இப்படித்தான்.

கவிஞர் குறையற்றவர் அல்லர். தம் தவறுகளை ‘வனவாசம்’ நூலில் அவரே மறைக்காமல் எழுதினார். 1978இல் தமிழக அரசவைக் கவிஞரானார். ‘சேரமான் காதலி’ நாவலுக்கு 1980ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ‘அர்த்தமுள்ள இந்துமதம்’ எழுதிய அதே கைதான், வாழ்வின் இறுதிக் காலத்தில், நம் ஆண்டவரின் வரலாற்றை ‘இயேசு காவியம்’ எனப் பாடியது. திருச்சி கலைக்காவிரி அதனை வெளியிட்டது. 1981 அக்டோபர் 17 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில், தமது 54ஆம் வயதில் கவிஞர் மறைந்தார்.

தோழியரே! தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்யும் செய்யுள்களை, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் வாழ்நாள் முழுதும் தேடிப் படித்தார். இனி வானொலியில் அவர் பாட்டு வந்தால் சற்றே செவி சாயுங்கள். நம் தமிழ்ப் பாடநூலில் படித்த புலவர் ஒருவர், அதற்குள்ளிருந்து நம்மைப் பார்த்துப் புன்னகைப்பார்!