ஊர்களையும் புலவர்களையும் எழுதிவைத்த சைமன் காசிச்செட்டி

தலவில புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாக்களுக்கு ஆண்டுதோறும் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் யாத்திரிகர்கள் வருகின்றனர். அந்த ஆலயம் அமைந்துள்ள கற்பிட்டித் தீபகற்பத்தில்தான் ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாற்றின் முன்னோடி ஒருவரும் பிறந்தார். அவர் சைமன் காசிச்செட்டி. பிறந்த நாள் 1807 மார்ச் 21.

அது ஒரு போர்க்கால நாள். நெப்போலியனின் போர்கள் ஐரோப்பாவை உலுக்கிக்கொண்டிருந்தன. பிரித்தானியப் படை எகிப்தின் அலெக்சாந்திரியா நகரைக் கைப்பற்றி உள்ளே நுழைந்ததும் அதே நாளில்தான். ஆனால் ஆறே மாதங்களில், செப்டெம்பரில், அந்தப் படை நகரைக் கைவிட்டுத் திரும்பியது. நெப்போலியனுடன் 1798இல் எகிப்துக்குச் சென்ற கணித அறிஞர் ஜோசப் ஃபூரியேயும் (1768), பிரெஞ்சுப் படையெடுப்பை எதிர்த்து நின்ற மெக்சிக்கோ ஜனாதிபதி பெனிட்டோ ஹுவாரெஸும் (1806) மார்ச் 21ஆம் திகதி பிறந்தவர்களே.

கற்பிட்டியும் அந்தப் போர்களுக்கு வெளியே இருக்கவில்லை. அங்கு ஒல்லாந்தர் கட்டிய கோட்டை 1795இல் பிரித்தானியர் கைக்கு மாறியது. கண்டி இராச்சியமோ 1815 வரை அவர்களுக்குப் பணியவில்லை. ஆட்சி மாறிக்கொண்டிருந்த இந்தக் கரையில்தான் காசிச்செட்டி வளர்ந்தார்.

1824இல், 17 வயதில், புத்தளத்தில் அரச மொழிபெயர்ப்பாளராகப் பணியில் சேர்ந்தார். பின்னர் மணியகாரராகவும் முதலியாராகவும் உயர்ந்தார். 1838இல் தமிழர் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்கு நியமிக்கப்பட்டார். பிற்காலத்தில் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் கடமையாற்றினார்.

பதவிகளை விட அவர் எழுதியவையே நிலைத்தன. 1834இல் வெளியான 'சிலோன் கசற்றியர்', இலங்கையின் ஊர்கள், ஆறுகள், கோட்டைகள், மக்கள் பற்றிய விவரங்களை அகர வரிசையில் தொகுத்தது. அப்போது அவருக்கு வயது 27. 1841இல் 'உதயாதித்தன்' என்ற தமிழ் இதழை நடத்தினார். பரவர், முக்குவர் போன்ற கரையோரச் சமூகங்களின் வரலாற்றையும் வழக்கங்களையும் எழுதினார்.

1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சான 'தமிழ் புளூட்டாக்' அவரது பெருஞ்சாதனை. கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டாக்கின் பெயரைத் தாங்கிய இந்நூல், ஏறத்தாழ 200 தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை ஆங்கிலத்தில் தந்தது. தமிழகப் புலவர்களுடன் ஈழத்துப் புலவர்களும் அதில் இடம்பெற்றனர். மறு ஆண்டே, 1860 நவம்பரில், தமது 53ஆவது வயதில் அவர் காலமானார்.

குறைகள் இல்லாத நூலல்ல அது. செவிவழிக் கதைகளும் வரலாறும் அதில் கலந்தே கிடக்கின்றன. எழுதியவரோ காலனித்துவ அரசின் ஊழியர். ஆயினும் அவர் எழுதியிராவிட்டால் பல புலவர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தடயங்கள் இன்னும் குறைந்திருக்கும்.

அந்த இழப்பின் பாரம் நமக்குப் புதிதல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. பிரதி இல்லாத ஏடு எரிந்தால் அதோடு முடிந்தது. 'தமிழ் புளூட்டாக்' அச்சில் இருந்ததால் 1946இல் தெ.பொ.மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளுடன் மீண்டும் வெளிவர முடிந்தது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் தஞ்சம் புகுந்ததும் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில்தான். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இன்றி ஓடியவர்களுக்கு, எழுதிவைத்த ஒரு தாளின் பெறுமதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் ஊர்களின் பழைய பெயர்களையும், அங்கு வாழ்ந்தவர்களையும், இல்லாமற்போனவர்களையும் நினைவில் வைத்திருக்கும் தலைமுறை முதுமை அடைந்துவிட்டது. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள இன்னும் அதிக காலம் இல்லை.